இட்டேரிக்கு வந்த ஜீப்

இட்டேரி என்ற சொல் கொங்குநாட்டுக்கு வெளியே அவ்வளவாகப் புழங்குவதில்லை. இருபுறமும் கிளுவையும் சங்கஞ்செடியும் கள்ளியும் ஆளுயரத்துக்கு மண்டி வளர்ந்து, அவற்றின்மேல் பிரண்டையும் கோவைக்கொடியும் படர்ந்து, உள்ளே கௌதாரியும் உடும்பும் குடியிருக்க, நடுவில் ஒரு மாட்டுவண்டி மட்டும் போகத்தக்க அகலத்தில் தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே வளைந்து செல்லும் மண்பாதைக்குத்தான் இட்டேரி என்று பெயர். ஊருக்கு நடுவே நெருங்கி வாழ்வதைக் காட்டிலும் தத்தம் நிலத்திலேயே சாளை கட்டிக்கொண்டு குடியிருப்பதைப் பெரிதும் விரும்பியவர்கள் எங்கள் பக்கத்துக் குடியானவர்கள்; ஆகையால் சந்தைக்கானாலும் சர்க்கார் கச்சேரிக்கானாலும் ஆஸ்பத்திரிக்கானாலும், தார்ச்சாலையை எட்டுமுன் ஒன்றிரண்டு மைல் இட்டேரியைக் கடந்தாக வேண்டும். மழைக்காலத்தில் அந்த மண் செம்மண்ணாயின் வழுக்கும், கரிசலாயின் ஒட்டும். கோடையிலோ வண்டித் தடம் முழுவதும் கணுக்கால் புதையும் புழுதியாகக் கிடக்கும். அம்பாஸிடர் கார் வாங்கிய வசதியுள்ளவர்கள்கூட அதைத் தார்ச்சாலை ஓரத்துக் கொட்டகையில் நிறுத்திப் பூட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து போனதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அந்தப் பாதையில் எங்கள் சாளையின் வாசல்வரை வந்து நின்ற முதல் மோட்டார் வாகனம் ஜீப்.

ஜீப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் யுத்த பராக்கிரமத்தையோ, மலையேறும் சாகசத்தையோ எழுதுவார்கள். என் மனத்தில் நிற்பது வேறு. அந்நிய தேசத்தில் போர்க்களத்துக்கென்று பிறந்த ஒரு யந்திரம், ஏரோடும் கவலை ஏற்றத்தோடும் சேர்த்து எண்ணப்படும் பண்ணைக் கருவியாக எங்கள் பக்கத்தில் மாறி, செய்தவர்கள் கைவிட்ட பின்னும் வைத்திருந்தவர்களால் ஐம்பது அறுபது வருஷங்கள் உயிரோடு காப்பாற்றப்பட்டதே, அதற்கான காரணத்தைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

1940ஆம் ஆண்டு, ஐரோப்பாவில் யுத்தம் மூண்டு ஒரு வருஷம்கூட நிறையாத ஜூலை மாதத்தில், அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு ஓர் அழைப்பு அனுப்பியது. கால் டன் சுமை ஏற்றக்கூடியதும், நான்கு சக்கரங்களுக்கும் இஞ்சினின் விசை பாயக்கூடியதுமான ஒரு சிறிய வண்டி வேண்டும். அதன் முதல் மாதிரியை 49 நாட்களில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பது நிபந்தனை. இந்த அவகாசத்தைக் கண்டே பலரும் பின்வாங்கிவிட, பென்ஸில்வேனியா மாகாணத்தில் ஏறத்தாழ மூடும் நிலையிலிருந்த பாண்டம் என்ற சிறு கம்பெனி, கார்ல் புரோப்ஸ்ட் என்ற இஞ்சினியரை வரவழைத்து, இரண்டே நாட்களில் வரைபடங்களை முடிக்கச் செய்து, செப்டம்பர் 23ஆம் தேதி வண்டியை ராணுவ முகாமில் ஒப்படைத்தது. ஆயினும் பாண்டத்துக்குப் பெரும் அளவில் செய்யும் சக்தியில்லை என்று கருதிய ராணுவம், வில்லிஸ்-ஓவர்லாண்டு, ஃபோர்டு ஆகிய கம்பெனிகளையும் இதில் இழுத்தது. வில்லிஸின் தலைமை இஞ்சினியர் பார்னி ரூஸ் உருவாக்கிய 60 குதிரைச் சக்தி இஞ்சினே கடைசியில் நிலைத்தது. யுத்தம் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. முதலில் எண்ணி முதலில் செய்த பாண்டத்துக்குக் கிடைத்தது சுமார் இரண்டாயிரத்து எழுநூறு வண்டிகளுக்கான வேலை மட்டுமே என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

அந்த வண்டியின் அகலம் 62 அங்குலம். முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே 80 அங்குலம். இந்த இரண்டு அளவுகளையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். ஐந்தடி இரண்டங்குலம் என்பது எங்கள் இட்டேரிக்கு வேலியில் உரசாமல் போகும் அகலம். ஆறடி எட்டங்குலம் என்பது அதன் முடுக்குகளில் பின்வாங்காமல் திரும்பத்தக்க நீளம். வரைபடம் வரைந்தவர் கொங்குநாட்டைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார். ஆனாலும் அளவெடுத்துத் தைத்த சட்டை போல அது இங்கே பொருந்திவிட்டது.

யுத்தம் முடிந்ததும் வில்லிஸ் கம்பெனி இதைக் குடிமக்களுக்கு விற்கத் தொடங்கியது. சி.ஜே. என்ற இரண்டு எழுத்துகளும் குடிமக்களின் ஜீப் என்ற பொருளில் வைக்கப்பட்டவை. 1945இல் வந்த முதல் சி.ஜே. வண்டியை அந்தக் கம்பெனி விளம்பரப்படுத்திய விதம் கவனிக்கத்தக்கது: உழவு செய்யும், சுமை இழுக்கும், இஞ்சினிலிருந்து வெளியே நீட்டிய தண்டின் மூலம் கதிரடிக்கும் யந்திரத்தையும் தண்ணீர் இறைக்கும் பம்பையும் ஓட்டும் என்று அமெரிக்கக் குடியானவனிடம்தான் அது முதலில் பேசியது.

அதே 1945ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, ஜே.சி. மகிந்திரா, கே.சி. மகிந்திரா என்ற சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் கூட்டுச் சேர்ந்து, எஃகு வியாபாரத்தை உத்தேசித்து மகிந்திரா அண்டு முகமது என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். தேசம் இரண்டாகப் பிரிந்தபோது குலாம் முகமது பாகிஸ்தானுக்குச் சென்று அதன் முதல் நிதி மந்திரியாகி, பிற்பாடு கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். இங்கே எஞ்சிய ஸ்தாபனம் 1948இல் மகிந்திரா அண்டு மகிந்திரா என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1947இல் வில்லிஸ் கம்பெனியிலிருந்து 75 ஜீப்புகள் பாகம் பாகமாகப் பிரித்து அடைக்கப்பட்டு வந்து சேர்ந்தன; 1949இல் பம்பாய் மஸகானில் ஜீப்பைப் பூட்டி முடிக்கும் வேலை தொடங்கியது; 1954 முதல் படிப்படியாக உறுப்புகளையும் இங்கேயே வார்த்துக் கடைந்து செய்ய ஏற்பாடாயிற்று.

அப்படி இந்தியாவில் வேரூன்றிய வண்டி சி.ஜே. 3 பி என்ற வகையைச் சேர்ந்தது. மற்ற ஜீப்புகளைவிட இதன் முன்மூடி சற்று உயர்ந்து, தலையைத் தூக்கிக்கொண்டு பார்ப்பது போலிருக்கும். அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. உள்ளே வைத்த ஹரிகேன் என்ற புதிய இஞ்சினில், காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விடும் வால்வுகள் பழையபடி பக்கவாட்டில் இல்லாமல் தலைப்பகுதிக்கு ஏறிவிட்டதால், இஞ்சின் உயர்ந்தது. இஞ்சின் உயர்ந்ததால் மூடியும் உயர்ந்தது. அமெரிக்காவில் 1953இல் பிறந்த அந்த உருவம் 1968இல் அங்கே நின்றுபோயிற்று. இங்கேயோ இஞ்சினும் பெயரும் மாறி மாறி வந்தாலும் அதன் முகச்சாயல் அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

கொங்குநாட்டுக்கு ஜீப் வந்த வழிகள் பல. யுத்த காலத்தில் கோயமுத்தூரில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரிய நிலையம் ஒன்று இயங்கியது. அதற்குக் கருடா என்றே பெயர் வைத்திருந்தார்கள். கடலில்லாத ஊரில் கடற்படை முகாமிட்டதே ஒரு விசித்திரம். யுத்தம் ஓய்ந்தபின் தேசமெங்கும் இத்தகைய நிலையங்களிலிருந்த ராணுவ வண்டிகள் டிஸ்போசல் ஏலத்தில் விடப்பட்டபோது, எஸ்டேட்டுக்காரர்களும் பெருநிலக்காரர்களும் அவற்றை வாங்கினார்கள். பின்பு 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் ஆரம்பமாகி, வட்டார வளர்ச்சி அதிகாரி என்ற புதிய உத்தியோகஸ்தர் கிராமங்களுக்குள் வரத் தொடங்கினார். பி.டி.ஓ. ஜீப் என்ற சொற்றொடர் அந்தத் தலைமுறையின் வாயில் புகுந்தது அப்போதுதான். ஜீப்பின் சப்தம் கேட்டால் சர்க்கார் வருகிறது என்று பொருள். தேர்தல் வந்தால் படுதாவைக் கழற்றிய ஜீப்பில் நின்றபடி வேட்பாளர் கைகூப்பி வருவார். அந்தக் காட்சி இன்றும் மாறவில்லை.

எங்கள் பக்கத்தில் இவற்றையெல்லாம்விட ஜீப்பை மனத்தில் பதித்தது பரம்பிக்குளம்–ஆழியாறுத் திட்டம். மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய மலை ஆறுகளின் நீரை, அணைகளாலும் குகைக் கால்வாய்களாலும் கிழக்கே திருப்பிப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கத்துக் காய்ந்த நிலங்களுக்குக் கொண்டுவந்த அந்தப் பகீரதப் பிரயத்தனம், காமராஜர் முதல்மந்திரியாகவும் பொள்ளாச்சிப் பக்கத்துச் சி. சுப்பிரமணியம் மந்திரியாகவும் இருந்த காலத்தில் உருப்பெற்று, 1961இல் ஜவஹர்லால் நேருவால் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனைமலைக் காட்டில் சாலையே இல்லாத இடங்களுக்கு அளவைச் சங்கிலியும் தண்ணீர்க் குடமும் சோற்று மூட்டையும் ஏற்றிக்கொண்டு போன ஜீப்புகளைப் பற்றி, அங்கே கூலிக்குப் போய்வந்தவர்கள் கதை கதையாகச் சொல்லுவார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்து தென்னையும் கரும்பும் செழித்தபின், கையில் நாலு காசு சேர்ந்த குடியானவர்கள் பலருக்கு வாங்கத் தோன்றிய முதல் மோட்டார் வாகனம் ஜீப்பாக இருந்ததில் ஆச்சரியம் என்ன?

வாங்குவது ஒரு நாள் காரியம். வைத்துக் காப்பாற்றுவதுதான் ஆயுட்காலக் காரியம். இங்கேதான் கோயமுத்தூர் கதைக்குள் வருகிறது. 1920இலேயே பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை வாங்கித் தாமே ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடு, யந்திரத்தைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்ற தைரியத்தை ஒரு ஜில்லாவுக்கே கொடுத்தவர். 1932இல் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தது, பஞ்சாலைகள் பெருகின, ஆலை யந்திரங்களின் தேய்ந்த உறுப்புகளுக்குப் பதில் உறுப்பு செய்யும் லேத் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் அவற்றைச் சுற்றி முளைத்தன. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே முதன்முதலாக மின்மோட்டாரைச் செய்தார்கள். அதிலிருந்து பம்புசெட் தொழில் கிளைத்தது. இவ்விதம், எந்தத் தேசத்து யந்திரமானாலும் அதன் உடைந்த உறுப்பைக் கையில் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் அதைப் போலவே ஒன்றைக் கடைந்து கொடுக்கும் சாமர்த்தியமுள்ள ஊர் ஒன்று தயாராக இருந்தபோது, எந்த உறுப்பையும் எளிதில் கழற்றி மாற்றத்தக்கபடி, போர்க்களத்தில் ஸ்பானரும் சுத்தியலும் மட்டும் வைத்திருக்கும் சிப்பாய் பழுதுபார்க்க வேண்டும் என்றே வடிவமைத்த வண்டி ஒன்று வந்து சேர்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தவை போலச் சேர்ந்துகொண்டன.

எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தா, வாங்கியது இரண்டாம் கை வண்டி. பெட்ரோலில் ஓடும் சி.ஜே. 3 பி. மஞ்சள் மூட்டையும் தேங்காயும் வெல்லச் சிப்பமும் கன்றுக்குட்டியும் கிணற்றிலிருந்து கழற்றிய மோட்டாரும் அதில் ஏறாத நாளில்லை. லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது. மகிந்திரா ஸ்தாபனம் 1979இல் பிரெஞ்சுக் கம்பெனியான பெஜோவிடம் டீசல் இஞ்சின் செய்ய உரிமம் பெற்று, பிற்பாடு எம்.எம். 540 என்ற வண்டியில் அந்த இஞ்சினை வைத்து விற்றபோது, பழைய பெட்ரோல் ஜீப்காரர்கள் எல்லாருக்கும் டீசல் ஆசை பிடித்தது. புது வண்டி வாங்காமல் இஞ்சினை மட்டும் மாற்றிக்கொள்ளும் வழியைக் கோவைப் பட்டறைக்காரர்கள் கண்டுவைத்திருந்தார்கள். டீசல் இஞ்சினின் பின்முகத்தையும் பழைய கியர் பெட்டியின் முன்முகத்தையும் இணைக்கக் கனமான ஒரு தகடு வேண்டும். அதில் ஒருபுறம் இதற்குரிய துளைகளும் மறுபுறம் அதற்குரிய துளைகளும் மயிரிழை பிசகாமல் விழ வேண்டும். பிசகினால் கிளட்ச் தட்டு கோணலாகத் தேய்ந்து ஆறு மாதத்தில் போய்விடும். அப்புச்சி மூன்று நாள் பட்டறையிலேயே உட்கார்ந்து அந்தத் தகட்டைக் கடைவித்து, ஆர்.சி. புத்தகத்தில் மாறுதலை முறையாக எழுதி வாங்கிக்கொண்டு திரும்பினார். அதன்பின் லிட்டருக்குப் பதினொன்று கிடைத்தது. மார்கழி விடியலில் மட்டும், ஹீட்டர் பொத்தானை அழுத்தியபடி இருபது எண்ணிவிட்டுத்தான் சாவியைத் திருக வேண்டும்.

ஜீப்பின் உட்சூட்சுமத்தை எனக்குப் புரியவைத்தது என் சொந்தப் பிழைதான். ஓட்டுகிறவரின் இடப்பக்கத்தில் கியர் தடியைத் தவிர இன்னும் இரண்டு சிறு தடிகள் உண்டு. ஒன்று முன்சக்கரங்களுக்கும் விசையைச் சேர்ப்பது. எங்கள் பக்கத்தில் ஃபோர்வீல் போடுவது என்பார்கள். மற்றொன்று, வேகத்தைப் பாதிக்கும் கீழாகக் குறைத்து, இழுக்கும் பலத்தை அதே விகிதத்தில் பெருக்கித் தரும் லோ. ஐப்பசி மழையில் ஓடைக் கரையில் சிக்கியபோது நான் இரண்டையும் போட்டு வண்டியை மேலே ஏற்றிவிட்டேன். ஏறிய சந்தோஷத்தில் லோவை மட்டும் எடுத்துவிட்டு, ஃபோர்வீலை எடுக்க மறந்து, தார்ச்சாலையில் எட்டு மைல் ஓட்டி வந்துவிட்டேன். ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. வளைவுகளில் வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல முனகியது. வீட்டுக்கு வந்து தடியைப் பிடித்து இழுத்தால் அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன், காலால் உதைக்கவும் போனேன்.

திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்புச்சி எழுந்து வந்தார். "ஒதைக்காத சாமி. அது என்ன பண்ணும்? நீ முறுக்கி வெச்சுட்ட. ரிவர்ஸ் போட்டு நாலடி பொறகால எடு" என்றார்.

எடுத்தேன். அடியில் டக்கென்று ஒரு சப்தம். தடி விரலால் தொட்டதும் வந்துவிட்டது. பிறகு ஒரு குச்சியால் தரையில் கோடு கிழித்துக் காட்டினார். வளைவில் முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் போகின்றன. ஆகவே முன்னவை அதிகம் சுழல வேண்டும். ஃபோர்வீல் போட்டுவிட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே கணக்கில் சுழலும்படி பூட்டப்பட்டுவிடுகின்றன. சேற்றிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும்; தார்ச்சாலை வழுக்க விடாது. தீராத வித்தியாசம் முழுவதும் தண்டுகளிலும் பற்சக்கரங்களிலும் முறுக்காகச் சேர்ந்து, தடியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பின்னோக்கி நாலடி ஓட்டினால் முறுக்கு அவிழ்ந்துவிடும். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காத ஒருவர், பற்சக்கரத்தின் கணிதத்தை மாட்டுச்சாணம் மெழுகிய வாசலில் விளக்கிய அந்தச் சாயங்காலத்தை நான் மறக்கவில்லை.

இந்த வண்டியோடு வாழ்வது சுகமான வாழ்வு என்று நான் சொல்ல மாட்டேன். அடியிலுள்ள ஸ்பிரிங் பட்டைகள் சுமையில்லாதபோது முதுகெலும்பை எண்ணிக் காட்டும். அதனால் வெறும் வண்டியில் சக்கரத்தின் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைப்பார்கள். பட்டைகளுக்கிடையே புழுதி சேர்ந்தால் கிறீச்சிடும்; பழைய இஞ்சின் எண்ணெயைத் தூரிகையால் தடவ வேண்டும். மழை பெய்தால் படுதாவின் கொக்கிகளை மாட்டி முடிப்பதற்குள் மழையே நின்றுவிடும். நெடுஞ்சாலையில் நாற்பது மைலுக்குமேல் விரட்டினால் பேசும் பேச்சு காதில் விழாது. பிரேக்கை நம்பி இறங்குகிறவன் ஜீப்காரன் ஆகமாட்டான். கீழ்க் கியரில் போட்டு இஞ்சினின் பிடிப்பில் இறங்கத் தெரிந்தவன்தான் ஆவான். இடுப்பு வார் கிடையாது, பக்கக் கதவு கிடையாது, கவிழ்ந்தால் தலைக்குமேல் கம்பி கிடையாது. கைக்குழந்தையோடு மகள் ஏறும்போதெல்லாம் என் பாட்டி அம்மிச்சி வாய்க்குள் தெய்வத்தை வேண்டிக்கொண்டே வருவாள். அந்தப் பயம் நியாயமானதே.

ஆனால் எல்லாருக்கும் அது விருப்பத்தின் பேரில் வைத்துக்கொண்ட வண்டியுமல்ல. சத்தியமங்கலத்துக்கு வடக்கே கடம்பூர் மலைக்கு அப்பாலுள்ள மாக்கம்பாளையத்துக்குப் போகிற வழியில் குரும்பூர்ப் பள்ளம், சர்க்கரைப் பள்ளம் என்று இரண்டு காட்டாறுகள் குறுக்கிடும். எங்கள் மொழியில் பள்ளம் என்றால் ஓடை. பாலம் இல்லாத காலத்தில் மழை பெய்து அவற்றில் தண்ணீர் வந்துவிட்டால், பிரசவ வலி எடுத்தவளையும் பாம்பு தீண்டியவனையும் கொண்டு போக, நீர்மட்டம் எப்போது இறங்கும் என்று கரையில் காத்திருக்கும் ஜீப்தான் கதி. பத்துப் பேர் உள்ளே, நான்கு பேர் பின்படியில், கோணிகள் மேலே என்று அந்த மலைகளில் ஓடும் ஜீப்புகளைப் பார்த்துச் சமவெளிக்காரர் சட்டம் பேசுவது சுலபம். பஸ் வராத ஊருக்கு ஓடிய ஜீப்பின் ஓட்டுநர், ஊர்க்காரர்களுக்குக் கடிதம் கொண்டு வருகிறவரும், மருந்து வாங்கி வருகிறவரும், கடன் சொல்லி அரிசி வாங்கித் தருகிறவருமாக இருந்தார் என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் அந்தப் பேச்சு முழுமையாகும்.

பெயரின் சரித்திரத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஜீப் என்ற பெயருக்கு உரிமை கொண்டாடியவர்கள் அமெரிக்காவில் ஒருவர்பின் ஒருவராக மாறிக்கொண்டே வந்தார்கள்: வில்லிஸுக்குப்பின் கெய்ஸர், அமெரிக்கன் மோட்டார்ஸ், கிரைஸ்லர், கடைசியில் 2021 முதல் ஸ்டெல்லாண்டிஸ். எங்கள் ஜனங்களுக்கு இந்த உரிமைக் கணக்கெல்லாம் தெரியாது; மகிந்திரா செய்த கமாண்டரும் ஜீப்தான், மேஜரும் ஜீப்தான். 2018இல் மகிந்திரா தன் பழைய அச்சில் செய்த ராக்ஸார் என்ற வண்டியை அமெரிக்காவிலேயே விற்கத் தொடங்கியபோது, அது ஜீப்பின் சாயலைத் திருடுகிறது என்று வழக்கு வந்தது. 2020இல் தீர்ப்பு மகிந்திராவுக்கு எதிராகப் போய், வண்டியின் முகத்தை மாற்றும்படி ஆயிற்று. வில்லிஸிடமே உரிமம் வாங்கி, அந்த அச்சை அறுபது வருஷங்கள் அணையாமல் காத்தவர்களை, பிறந்த மண்ணிலேயே அந்நியர் என்று நிறுத்தியது எனக்கு வருத்தமே.

பழைய குலத்தின் கடைசி வாரிசாக 2010இல் வந்த தார், பாலைவனத்தின் பெயரைத் தாங்கியது. 1949 முதல் எழுபது ஆண்டுகள் நிறைந்ததைக் குறித்து 2019இல் 700 வண்டிகளை விசேஷமாகச் செய்துவிட்டு அந்த வடிவத்துக்கு விடைகொடுத்தார்கள். 2020ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி விற்பனைக்கு வந்த புதிய தார் முற்றிலும் வேறு வண்டி. குளிர்சாதனம், காற்றுப்பைகள், மோதல் பரிசோதனையில் நான்கு நட்சத்திரம், அரை மீட்டருக்குமேல் தண்ணீரில் இறங்கும் சக்தி. லோ தடியையும் எடுத்துவிடாமல் வைத்திருக்கிறார்கள். அவிநாசி சாலையில் இன்று கண்ணில் படும் தார்களில் பல சேற்றையே பார்க்காதவை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த நான்கு நட்சத்திரம் பெரிய வரம், அம்மிச்சி இருந்திருந்தால் அதற்காகவே அதைக் கும்பிட்டிருப்பாள். ஆனால் அதன் முன்மூடியைத் திறந்தால் கருப்பு உறைகளும் கம்பிக் கொத்துகளும்தான் தெரிகின்றன. என்ன கோளாறு என்பதை வண்டி தன் கணிப்பொறியிடம் சொல்கிறது, கணிப்பொறி சர்வீஸ் நிலையத்திடம் சொல்கிறது, நிலையம் நமக்கு பில் அனுப்புகிறது. பணம் கொடுத்து வாங்கிய பொருளின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவும், பார்த்துச் சரிசெய்யவும் முடிந்தால்தான் அது நம்முடையது என்று அப்புச்சி நினைத்தார். நானும் அப்படியே நினைக்கிறேன்.

அந்த நினைப்புக்கு விலையும் உண்டு. பதினைந்து வருஷம் கடந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த மத்திய அரசின் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாயிற்று. பழைய வண்டிகளின் புகை பற்றிச் சர்க்காருக்கு உள்ள கவலை நியாயமானதுதான். ஆனால் வருஷத்தில் ஆயிரம் மைல்கூட ஓடாமல், தோட்டத்துக்கும் சந்தைக்கும் மட்டும் போய்வரும் வண்டியையும், நாள் முழுவதும் நகரத்தில் புகை கக்கும் வண்டியையும் ஒரே தராசில் நிறுப்பது எனக்குச் சம்மதமில்லை. இருந்தாலும் அப்புச்சியின் ஜீப்புக்காகக் கட்டணத்தைக் கட்டிவிட்டேன்.

சென்ற மாதம் பின்பக்கப் பட்டையின் தொங்கட்டான் புஷ் தேய்ந்து, மேடு பள்ளத்தில் விழும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கமாக இடித்தது. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் அரைநாள் தேடினேன். கிடைத்தவையெல்லாம் நம்முடையதைவிடத் தேய்ந்தவை. தேய்ந்த புஷ்ஷைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கணபதிப் பக்கத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அறுபது வயதிருக்கும் அந்தப் பட்டறைக்காரர் அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெர்னியரால் உள்ளேயும் வெளியேயும் அளந்தார்.

"வில்லீஸ் பட்டைங்களா? டீசல் ஏத்துன வண்டியாட்ட இருக்குதுங். முன்னாடி கனம் மாறிப் போனதுனால பின்னாடி ஒரு பக்கமாத் தின்னிருக்குது" என்றார். வண்டியை அவர் பார்க்கவேயில்லை. நான் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

பித்தளைத் தண்டு ஒன்றை லேத்தில் பூட்டினார். உளி பட்டதும் பொன்னிறச் சுருள்கள் அவர் செருப்பின்மேல் விழுந்தன. எனக்கு வேண்டியவை இரண்டு. அவர் நான்கு கடைந்தார். இரண்டை என்னிடம் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

"வேற ஒரு ஜீப்புக்காரரு வருவாருங்க" என்றார்.